ஒறேஞ் ஸ்லைடரை யார் எண்ணுவது?

"தங்கச்சி, மாசம் மாசம் டொலரில காசு கட்டி ஒறிஜினல் எடுக்கிறதெண்டால், நாங்கள் இதில உண்மையா என்னத்தைத்தான் பாவிக்கிறம் எண்டு முதல் பாக்க வேணும்."

நான் லீவு நாட்களில் எடிற்றிங்குக்குப் போகிற ஸ்ரூடியோவின் அண்ணா இப்படிச் சொன்னார். அரைப் பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. லைட்ரூமில் வலப்பக்கம் முழுக்க ஸ்லைடர்கள். இதில் நாங்கள் தொடுவது எவை, தொடாமலே விடுவது எவை? கலியாண வீடு, சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று வருசம் முழுக்க இதற்குள்தான் கிடக்கிறோம், ஆனால் கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

எண்ணிப் பார்க்கலாம். அதற்குப் பெரிய கொம்பியூட்டர் அறிவு ஒன்றும் தேவையில்லை, நானே கலைப்பீடக்காரி. லைட்ரூம் கிளாசிக் நாம் எடுத்த படத்தை மாற்றுவதே இல்லை. றோ ஃபைல் எடுத்தபடியே கிடக்கும். நாம் செய்கிற மாற்றங்கள் எல்லாம் கற்றலொக் என்கிற தனி ஃபைலில் குறிப்பாக எழுதப்படும். அந்தக் கற்றலொக் எஸ்கியூலைற் வகையைச் சேர்ந்த ஒரு சாதாரணத் தரவுத்தளம். லைட்ரூமை மூடிவிட்டு, கற்றலொக்கின் பிரதி ஒன்றை எடுத்து (பிரதியைத்தான்! மூலத்தில் கை வைத்து யாருடையவோ கலியாணத்தை அழித்துப்போட்டு என்னிடம் வராதீர்கள்), எஸ்கியூலைற் ஃபைல்களைத் திறக்கிற இலவசச் செயலி ஒன்றில் போட்டால் அட்டவணைகள் வரிசையாக வரும். அதில் ஒன்று வரலாறு. எந்தப் படத்தில் என்ன படி செய்தோம் என்று, எடிற் பண்ணும்போது இடப்பக்கத்தில் ஹிஸ்ற்றறி என்று தெரிகிற அதே பட்டியல். ஒவ்வொரு படத்திலும் கடைசியாக நிற்கிற பெறுமானங்களைப் பார்க்க இன்னும் இலகுவான வழி உண்டு. படங்களைத் தெரிவுசெய்து கொன்ட்றோல் எஸ் அடித்தால், றோ ஃபைலுக்குப் பக்கத்தில் எக்ஸ்.எம்.பி ஃபைல் ஒன்று விழும். நோட்பாட்டில் திறந்தால் எக்ஸ்போஷர் எவ்வளவு, கிளாரிற்றி எவ்வளவு என்று வரி வரியாக இருக்கும்.

ஒரேயொரு கலியாணத்தைத்தான் எடுத்தேன். முதலில் வரலாற்றை எண்ணினேன். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எக்ஸ்போஷர், குறொப், வைற் பலன்ஸ், ஷடோ. நாங்கள் பாவிப்பது கைவிரல்களுக்குள் அடங்கிவிடும். அண்ணாவுக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

பிறகு எக்ஸ்.எம்.பி ஃபைல்களைத் திறந்தேன். எல்லாப் படங்களிலும் ஒறேஞ் லுமினன்ஸ் ஏற்றப்பட்டிருந்தது. ஒரே எண், ஒரே அளவு. பொம்பிளை, மாப்பிளை, ஐயர், ஓமத்து நெருப்பு, தாலிக்கொடி, பந்திக்கு இருந்த சனம், மண்டப வாசலில் படுத்திருந்த நாய் உட்பட. ஆனால் வரலாற்றில் அந்த ஸ்லைடரின் பெயரே இல்லை. அந்தக் கலியாணத்தில் ஒருவரும் அதை ஒருக்காலும் தொடவில்லை.

விசயம் இதுதான். படங்களை இம்போட் பண்ணும்போதே எங்களுடைய பிறீசெற் தானாக விழுகிறது. அந்த பிறீசெற்றுக்குள் ஒறேஞ் இருக்கிறது. கிளிக்குகளை எண்ணினால் அது பூச்சியம். முடிவுகளை எண்ணினால் ஒரு படமும் தப்பவில்லை.

எடிற் பண்ணுகிறவர்களுக்கு இந்த ஒறேஞ் எதற்கு என்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மனிதத் தோல், கறுப்போ பொதுநிறமோ சிவலையோ, நிறச்சக்கரத்தில் பெரும்பாலும் ஒறேஞ் பக்கத்தில்தான் விழும். வேறுபடுவது வெளிச்சத்தின் அளவு. ஆகவே ஒறேஞ்சின் லுமினன்ஸை ஏற்றினால் சேலையின் பச்சையும் பின்னால் இருக்கிற திரையின் நீலமும் அப்படியே இருக்க, தோல் மட்டும் வெளுக்கும். மென்பொருளில் அந்த ஸ்லைடரின் பெயர் ஒறேஞ். எங்கட ஊரில் அதற்கு வேலை வெள்ளையாக்குவது.

அண்ணாவிடம் காட்டினேன். "இந்த பிறீசெற் ஆர் செய்தது?" அவர் முதல் வேலை செய்த கடையில் இருந்து பென்டிரைவில் கொண்டுவந்ததாம். அங்கே யார் செய்தது என்று அவருக்கும் தெரியாது. பேர் தெரியாத யாரோ ஒருவர் என்றைக்கோ ஒருநாள் எடுத்த முடிவு, எத்தனையோ கலியாணங்களின் எல்லா முகங்களிலும் உட்கார்ந்திருக்கிறது. அதைச் செய்கிற எங்களுக்கே செய்கிறோம் என்று தெரியாது.

ஒரு கருவி எத்தனை தரம் பாவிக்கப்பட்டது என்ற எண்ணிக்கையை வைத்து யார் என்ன செய்கிறார்கள் என்று இதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்கினேன். ஏனென்றால் எங்களுக்கு முன்னமே வேறு ஆட்கள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

அடோபியின் செயலிகள் நாம் எந்த வசதியைப் பாவிக்கிறோம் என்ற தகவலை நிறுவனத்துக்கு அனுப்பும். ஒளித்து மறைத்து இல்லை, எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நிறுத்துகிற ஒப்ஷனும் இணையத்தில் நம் கணக்குப் பக்கத்தில் இருக்கிறது. போய்த் தேடி நிறுத்தினால் நிற்கும். இது இன்று நேற்றுத் தொடங்கிய சண்டையும் இல்லை. 2007 கடைசியில், சீ.எஸ்.3 செயலிகள் திறக்கும்போது ஒரு முகவரியைத் தொடர்புகொள்வதைச் சிலர் கண்டுபிடித்தார்கள். பார்த்தால் 192.168.112.207 என்று வீட்டுக்குள் இருக்கிற நெற்வேக் முகவரி போலத் தெரியும். உண்மையில் அந்தப் பூச்சியம் பூச்சியமே இல்லை, ஆங்கில ஓ எழுத்து. முழு முகவரியும் ஓம்னிச்சர் என்கிற, பாவனையை அளக்கிற நிறுவனத்தின் இணைய முகவரி. வரவேற்புத் திரையில் காட்டுகிற செய்திகளுக்காகத்தான் தொடர்புகொள்கிறது என்று அடோபி விளக்கம் கொடுத்தது. சரி, இருக்கலாம். ஆனால் நேர்மையான வேலைக்கு ஏன் இப்படி ஒரு மாறுவேடம் என்று அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள். 2009இல் அடோபி அந்த ஓம்னிச்சரையே ஏறக்குறைய 1.8 பில்லியன் டொலருக்கு வாங்கிவிட்டது.

உளவு பார்க்கிறார்கள் என்று கத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. என் கவலை வேறு. அந்த எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்கிறார்கள். முடிவு பிழைத்த கதை ஒன்று இருக்கிறது, லைட்ரூம் பழைய ஆட்களுக்கு இன்னும் மறந்திருக்காது.

2015 ஒக்ரோபரில் லைட்ரூம் 6.2 வந்தது. கமெராவில் இருந்து படங்களை ஏற்றுகிற இம்போட் திரையை முழுக்க மாற்றிவிட்டார்கள். புதிதாக வருகிற ஆட்கள் அந்தத் திரையைப் பார்த்துக் குழம்புகிறார்கள், இலகுவாக்கினோம் என்றார்கள். இலகுவாக்கும்போது சில வசதிகள் காணாமல் போயின. அதில் ஒன்று, படங்கள் ஏறி முடிந்ததும் மெமரி கார்ட்டைத் தானாக விடுவிக்கிற சின்ன ஒப்ஷன். வெளியில் இருந்து பார்த்தால் அற்ப விசயம். ஒரு நாளில் ஏழெட்டுக் கார்ட் ஏற்றுகிற கலியாணப் படப்பிடிப்பாளருக்கு அது அற்பமில்லை. போதாக்குறைக்கு அந்தப் பதிப்பு அடிக்கடி விழுந்து நின்றது. உலகம் முழுக்கப் படப்பிடிப்பாளர்கள் கொதித்தார்கள். சில நாட்களுக்குள் லைட்ரூமுக்குப் பொறுப்பாக இருந்தவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு எழுதினார். மிகக் குறைவாகப் பாவிக்கப்படுகிற சில வசதிகளை எடுத்துவிட்டோம் என்று அந்தக் கடிதத்திலேயே ஒத்துக்கொண்டார். நவம்பரில் பழைய இம்போட் திரும்பி வந்தது.

'மிகக் குறைவாகப் பாவிக்கப்படுகிற.' இந்தச் சொற்களில் கொஞ்சம் நின்று பார்க்கச் சொல்வேன். எண்ணிக்கை பொய் சொல்லவில்லை. அந்த ஒப்ஷனைப் பாவித்தவர்கள் உண்மையிலேயே குறைவாக இருந்திருக்கலாம். ஆனால் எத்தனை பேர் என்பது வேறு, யாருக்கு எவ்வளவு தேவை என்பது வேறு. வீட்டில் தீப்பெட்டி ஒரு நாளைக்கு நாலு தரம் பாவிப்போம். மருந்துப் பெட்டி வருசத்தில் நாலு தரம். அதற்காக மருந்துப் பெட்டியைத் தூக்கி எறிகிறோமா?

மறுபக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். எண்ணாமலே கருவி செய்தால் செய்கிறவரின் கற்பனைதான் மிஞ்சும். அடோபியின் ரெக்ஸ்ச்சர் ஸ்லைடர் 2019இல் வந்தது. அதைச் செய்தவர்கள் முதலில் தோலை மென்மையாக்குகிற ஒன்றைத்தான் செய்யத் தொடங்கினார்களாம். பிறகுதான் எதிர்ப்பக்கம் இழுத்தால் நுணுக்கங்கள் எடுப்பாகத் தெரிகிறது என்று கண்டு, அதையே பொதுக் கருவியாக்கினார்கள். இன்று மலைக்கும் மரப்பட்டைக்கும் பாவிக்கிறார்கள். எங்கட கடையில் அது இன்னும் இடப்பக்கம்தான் போகிறது, தோலை வழவழப்பாக்க. ஒரே ஸ்லைடர், இரண்டு ஊர், இரண்டு வேலை. தலைமையகத்தில் இருக்கிற அட்டவணையில் இரண்டுமே 'ரெக்ஸ்ச்சர் பாவிக்கப்பட்டது' என்ற ஒரே வரிதானே?

உண்மையில் எங்கட வரி அங்கே இருக்கிறதா என்பதே சந்தேகம். வெளிப்படையாகக் கதைப்போம். இங்கே பல ஸ்ரூடியோக்களில் ஓடுவது காசு கட்டாத பிரதி. அப்படியான பிரதிகளைப் போடும்போது முதல் வேலையே இன்ரநெற் தொடர்பை வெட்டிவிடுவது. 2025 தை மாதத்தில் இருந்து புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பழைய 10 டொலர்த் திட்டம் இல்லை. லைட்ரூமும் போட்டோஷொப்பும் சேர்ந்த திட்டம் மாசம் 20 டொலருக்குக் கிட்ட. ஒரு டொலர் 300 ரூபா நிற்கிற நாட்டில், கலியாண முகூர்த்தம் இல்லாத மாசத்திலும் அதைக் கட்ட வேண்டும். ஆகவே கட்டுவதில்லை. இது சரியா பிழையா என்பது வேறு கட்டுரை. இங்கே நான் சொல்ல வருவது, எண்ணுகிறவர்களின் எண்ணிக்கையில் நாங்கள் இல்லை. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் பொழுதுபட்டும் எடிற் பண்ணிக்கொண்டிருக்கிற பெடியளின் கைப்பழக்கம், அடுத்த பதிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கிற மேசைக்குப் போவதே இல்லை. அவர்கள் செய்து தருவதை நாங்கள் எடுக்கிறோம்.

இப்போது எண்ணிக்கை இன்னொரு இடத்துக்கும் வந்துவிட்டது, படத்துக்குள்ளேயே. 2024 மே மாதத்தில் இருந்து மெற்றா நிறுவனம் பேஸ்புக்கிலும் இன்ஸ்ரகிராமிலும் 'ஏஐயால் செய்யப்பட்டது' என்று படங்களுக்கு லேபல் ஒட்டத் தொடங்கியது. எப்படித் தெரியும்? எடிற் பண்ணுகிற மென்பொருள் படத்துக்குள் எழுதி வைக்கிற குறிப்புகளை வாசித்துத்தான். நல்ல நோக்கம், மறுக்கவில்லை. ஆனால் நடந்தது என்ன? உண்மையான கமெராவில் எடுத்த உண்மையான படங்களுக்கெல்லாம் லேபல் விழுந்தது. ஒபாமாவின் காலத்தில் வெள்ளை மாளிகைப் படப்பிடிப்பாளராக இருந்த பீற் சூசாவின் பழைய கூடைப்பந்துப் படம் ஒன்றுக்கும் விழுந்தது. படத்தில் ஒரு தூசுப் புள்ளியை ஜெனறேற்றிவ் ஃபில்லால் எடுத்தால் லேபல் வந்தது, அதே புள்ளியை ஸ்பொட் ஹீலிங்கால் எடுத்தால் வரவில்லை. படம் ஒன்றுதான், தூசும் ஒன்றுதான். எதிர்ப்பு வந்த பிறகு ஜூலையில் லேபலின் சொற்களை 'ஏஐ தகவல்' என்று மாற்றினார்கள்.

இதை எங்கட கலியாண அல்பத்தோடு வைத்துப் பாருங்கோ. பொம்பிளையின் நெற்றிக்கு மேல் பறந்த ஒரு இலையானை ஏஐ கருவியால் எடுத்தால், படத்துக்கு அடையாளம் குத்தப்படலாம். அதே பொம்பிளையின் தோலை அவளுடைய தாயே அடையாளம் காணாத அளவுக்கு வெளுக்கவைத்தால் ஒரு லேபலும் இல்லை. ஏனென்றால் ஒறேஞ் ஒரு சாதாரண ஸ்லைடர். கருவியைப் பார்த்து நீதி சொல்கிற முறையில் இந்த ஓட்டை எப்போதும் இருக்கும். எது தொடப்பட்டது என்று அதற்குத் தெரியும். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று தெரியாது.

அதனால்தான் அந்த எண்ணிக்கையை நாங்களே எடுக்க வேண்டும் என்கிறேன். கொம்பனி எடுக்கட்டும், அவர்களுக்கு விற்க வேண்டும். மெற்றா எடுக்கட்டும், அவர்களுக்குப் பொய்ப் படத்தைப் பிடிக்க வேண்டும். ஆனால் 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் எடிற் பண்ணுகிறவரின் கதிரையில் மட்டும்தான் இருக்கிறது. லைட்ரூம்தான் வேண்டும் என்றும் இல்லை. டார்க்டேபிள் பாவிக்கிறவர்களும் இதைச் செய்யலாம். அது இலவசம், அதுவும் தன் வரலாற்றை இதே மாதிரித் தரவுத்தளத்திலும் எக்ஸ்.எம்.பியிலும் எழுதி வைக்கிறது, பாவனைத் தகவலை யாருக்கும் அனுப்புவதில்லை.

அண்ணாவோடு இதைப்பற்றி நீளமாகக் கதைத்தேன். சண்டை என்றும் சொல்லலாம். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, அதை விட்டுவிட்டு எழுதினால் நான் கள்ளி.

"மண்டபத்தில லைற் எப்பிடி எண்டு உனக்குத் தெரியும்தானே? மேல இருந்து அடிக்கிற எல்.ஈ.டி, பின்னால விடியோக்காரற்ற லைற். முகம் இருண்டுபோய்க் கிடக்கும். ஒறேஞ்சை ஏத்தாமல் என்ன செய்யிறது?"

அது சரி. இருட்டில் தொலைந்த முகத்தை மீட்பதற்கும் அதே ஸ்லைடர்தான்.

"மற்றது மேக்கப். முகத்துக்கு ரெண்டு ஷேட் கூடப் போட்டுக்கொண்டு வருவினம். கழுத்தும் கையும் தங்கட நிறத்தில நிக்கும். அல்பத்தில முகம் ஒரு ஆளின்ரையும் கை இன்னொரு ஆளின்ரையும் மாதிரி இருக்கும். ஒறேஞ்சை ஏத்தினால் கை முகத்தோட போய்ச் சேரும். நாங்கள் வெள்ளையாக்கேல்லை தங்கச்சி, அவையள் வெள்ளையாக்கினதுக்கு நாங்கள் கணக்குச் சரிபாக்கிறம்."

இதுக்கு என்னிடம் உடனே பதில் இருக்கேல்லை. ஆனால் ஒன்று கேட்டேன். "அப்ப ஏன் அம்மம்மாவுக்கும் ஏத்தியிருக்கு? அவா மேக்கப் போடேல்லையே." அந்தக் கலியாணத்தில் பொம்பிளையின் அம்மம்மா வாசலுக்குக் கிட்ட, நல்ல வெயில் வெளிச்சத்தில் இருந்த படம் ஒன்று இருக்கிறது. நல்ல கறுப்பு மனுசி. முகம் முழுக்கக் கோடுகள். பிறீசெற்றை எடுத்துவிட்டுப் பார்த்தால் அந்தக் கோடுகளுக்குள் வெளிச்சம் விழுந்து இறங்குவது தெரிகிறது. பிறீசெற்றோடு பார்த்தால் மா பூசியதுபோல் ஒரு தட்டையான முகம், தோட்டின் பொன்னும் வெளிறிப்போய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அண்ணா கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது பிழைதான்" என்றார். பிறகு, "ஆனால் கஸ்ரமர் கேக்கிறது இதைத்தானே" என்றார்.

கேட்கிறார்கள், உண்மை. "அண்ணா, கொஞ்சம் வெள்ளையா வரப் பண்ணுங்கோ" என்று பொம்பிளையின் தாய் நேரில் வந்து சொல்லியிருக்கிறா, நான் பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறேன். கலியாணம் பேசும்போது முதலில் கேட்கிற கேள்வியே பிள்ளை என்ன நிறம் என்பதாக இருக்கிற ஊரில், போட்டோக்காரரிடம் மட்டும் புரட்சி கேட்பது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் எங்கட கற்றலொக் சொல்வது வேறு. அந்தக் கலியாணத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காமலே, ஒருவரும் முடிவெடுக்காமலே, எல்லோருக்கும் நடந்தது. கேட்டுச் செய்வதற்கும் கேட்காமலே செய்வதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம் எனக்குப் பெரிது.

கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். இம்போட்டில் விழுகிற பிறீசெற்றில் இருந்து ஒறேஞ்சை எடுத்துவிட்டோம். அதை மட்டும் தனி பிறீசெற் ஆக்கி வைத்தோம், வேண்டுமென்றால் கிளிக் பண்ணிப் போடலாம். பெயர் வைக்கிற பொறுப்பை என்னிடம் தந்தார். 'வெள்ளை' என்று வைத்தேன்.

"விசரே உனக்கு? கஸ்ரமர் பக்கத்தில இருந்து பாத்தால் என்ன நினைப்பினம்?"

"அதுக்குத்தான் அண்ணா."

சிரித்தார், மாற்றவில்லை. பிறீசெற் ஒன்றைக் கையால் போட்டால் வரலாற்றில் அதன் பெயர் பதியும். ஆகவே இனி யாராவது அந்த வேலையைச் செய்தால் கற்றலொக்கில் 'வெள்ளை' என்று ஒரு வரி விழும், எத்தனை தரம் என்று எண்ணலாம்.

போன கிழமை அடுத்த கலியாணத்தின் படங்கள் ஏறின. அண்ணாதான் எடிற் பண்ணினார், நான் அல்பத் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். மணவறைப் படங்களுக்கு 'வெள்ளை' விழுந்தது, திரையில் கண்டேன். ஒன்றும் சொல்லவில்லை. குடும்பப் படங்களுக்கு வந்தபோது அதிலும் போட்டார். பிறகு கொஞ்சநேரம் நிறுத்தி, கொன்ட்றோல் செட் அடித்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கிழவியளை விடுவம்."